பதினான்கு நாடகப் பள்ளிகள், நான்கு விண்ணப்பங்கள்

மதுரையில் பி.காம். கடைசி ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளாகக் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறார். மூன்று முழுநீள நாடகங்களிலும் ஒரு வீதி நாடகத்திலும் நடித்திருக்கிறார். அடுத்து நாடகமே படிக்க வேண்டும், நடிகையாக வேண்டும் என்பது ஆசை. கையில் 14 இடங்களின் பட்டியல் இருக்கிறது. அத்தனைக்கும் விண்ணப்பிக்கப் பணமும் இல்லை, அலையவும் முடியாது. "எங்கே வேண்டுமானாலும் போ, திரும்பி வரும்போது கையில் ஒரு பட்டம் இருக்க வேண்டும்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். எதை அடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பது கேள்வி.

பட்டியலைப் பார்த்தேன். தில்லி தேசிய நாடகப் பள்ளி, அதன் பெங்களூரு மையம், வாரணாசி மையம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சூர் நாடகப் பள்ளி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், ஹெக்கோடு நீநாசம், லக்னோ பாரதேந்து நாட்டிய அகாதமி, போபால் நாடகப் பள்ளி, சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம், புணே திரைப்படக் கல்லூரி, கலாக்ஷேத்ரா, மும்பையில் ஒரு தனியார் நடிப்புப் பள்ளி. யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் எழுதிக்கொண்டே போயிருக்கிறீர்கள். தப்பில்லை. 22 வயதில் நான் வைத்திருந்த நோட்டிலும் இப்படித்தான் இருந்தது, கூடவே ஒரு சர்க்கஸ் கம்பெனியின் விலாசமும் இருந்தது.

யோசிக்காமல் அடிக்க வேண்டியவை மூன்று. கலாக்ஷேத்ரா 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய இடம். நடனத்துக்கும் இசைக்கும் அங்கே போகலாம், நாட்டிய நாடகமும் உண்டு. பேசி நடிக்கும் நாடகத்துக்கு அங்கே போக வேண்டியதில்லை. புணேயில் கற்றுத்தருவது கேமரா முன் நடிப்பு. அது தனிப் படிப்பு, தனி நுழைவுத் தேர்வு. சினிமாதான் வேண்டுமென்றால் அதற்கு வேறு பட்டியல் போடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டுக்கும் அரைகுறையாகத் தயாராவீர்கள். மும்பைத் தனியார் பள்ளியின் கட்டணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகைக்கு அப்பா கடன் வாங்கினால், படிப்பு முடிந்த மறுநாளே கடனை அடைக்கும் வேலையைத் தேடுவீர்கள். நாடகம் அந்த வேலையாக இருக்காது.

மீதி 11. இனி பள்ளியின் பெயரையும் அங்கே படித்த நட்சத்திரங்களின் பெயரையும் ஓரமாக வைத்துவிட்டு, எந்த மொழியில் மேடையேறப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். விண்ணப்பிக்கிறவர்கள் கடைசியில் நினைத்துப் பார்ப்பது இதைத்தான். பொறியியலை எந்த ஊரில் படித்தாலும் சூத்திரம் ஒன்றுதான். நடிப்பு அப்படியல்ல. ஒரு சொல்லை எங்கே இழுப்பது, எங்கே விழுங்குவது, எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார் என்பதெல்லாம் பிறந்த மொழியில் தானாக வந்துவிடும். கற்றுக்கொண்ட மொழியில் ஒவ்வொன்றாக உழைத்துத்தான் வாங்க வேண்டும்.

இந்தி பிரசார சபாவின் பிராத்மிக் பாஸ் செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் பாட்டி குழாயடியில் போட்ட ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். யார் குடம் முதலில், யார் குடம் பின்னால் என்று தொடங்கி, எதிராளியின் மாமியார் வரைக்கும் போன சண்டை. அதை அப்படியே இந்தியில் போட்டுக் காட்டுங்கள். சண்டை போட முடிந்த மொழியில் நடிக்கவும் முடியும். ரயில் டிக்கெட் வாங்க மட்டும் முடிந்தால் அது இன்னும் பயணிக்கு வேண்டிய இந்திதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், விழுப்புரம் பக்கம், அசாத்தியமான உடல்வாகு. வடக்கே ஒரு நாடகப் பள்ளியில் இடம் கிடைத்துப் போனான். முதல் ஆண்டு முழுவதும் காவலாளி, தூதுவன், ஊர்வலத்தில் கொடி பிடிப்பவன், ஒரு நாடகத்தில் மரம். அவனை யாரும் ஒதுக்கவில்லை. இரண்டு பக்க வசனத்தை அவன் பேசினால் பார்வையாளர்கள் உச்சரிப்பைத்தான் கேட்பார்கள், கதையைக் கேட்க மாட்டார்கள் என்பது அவனுக்கே தெரியும். ஒன்றரை ஆண்டில் இந்தியை மடக்கிப் போட்டு நல்ல வேடங்களுக்கு வந்துவிட்டான். ஆனால் அந்த ஒன்றரை ஆண்டு போனது போனதுதான்.

அதனால் லக்னோ, போபால், சண்டிகர் மூன்றும் போகட்டும். மூன்றும் மதிப்புள்ள இடங்கள். லக்னோ அகாதமி 1975-இல் தொடங்கியது, சண்டிகர் துறை அதற்கும் மூன்றாண்டு மூத்தது, பல்வந்த் கார்கி தொடங்கிவைத்தது. உங்கள் இந்திக்கு இவை இப்போது பொருந்தாது, அவ்வளவுதான். வாரணாசி மையத்தில் அழுத்தம் நாட்டிய சாஸ்திரத்திலும் சமஸ்கிருத நாடக மரபிலும். முப்பது வயதில் போனால் இனிக்கும், இப்போது வேண்டாம்.

நீநாசத்தை மனசில்லாமல்தான் அடிக்கிறேன். சிவமொக்கா மாவட்டத்தில், சாகர் தாலுகாவில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஹெக்கோடு என்ற கிராமம். 1949-இல் ஊர்க்காரர்கள் தொடங்கிய சங்கம். 1980-இல் கே.வி. சுப்பண்ணா அங்கே நாடகப் பள்ளியைத் தொடங்கினார். 1991-இல் அவருக்கு மகசேசே விருது வந்தது. 1985 முதல் 'திருகாட்ட' என்ற அவர்களுடைய பயணக்குழு கர்நாடகத்தின் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறது. நடிகர்களே லாரியில் சாமான் ஏற்றுவார்கள், மேடை கட்டுவார்கள், இரவு அந்த மேடையிலேயே ராஜாவாக வருவார்கள். நாடகத்தொழிலை இதைவிட முழுமையாகக் கற்றுத்தர முடியாது. ஆனால் எல்லாம் கன்னடத்தில், படிப்பும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். நீங்கள் ஓசூர்க்காரராக இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். மதுரையிலிருந்து போனால், மொழி பிடிபடும் நேரத்தில் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேறு காரணத்துக்காகப் போகிறது. 1981-இல் தமிழ் ஆராய்ச்சிக்கென்றே தோன்றிய பல்கலைக்கழகம் அது, நாடகத்துறையிலும் அந்த வாசனை உண்டு. பிற்காலத்தில் ஆய்வு செய்யத் தோன்றினால் அங்கே போகலாம். நீங்கள் கேட்பது நடிப்பு.

தில்லி தேசிய நாடகப் பள்ளி. இதை அடித்தால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். 1959-இல் சங்கீத நாடக அகாதமி தொடங்கிய பள்ளி. 1962 முதல் 1977 வரை இப்ராஹிம் அல்காசி இயக்குநராக இருந்து அதற்கு ஒரு ஒழுங்கையும் பெயரையும் கொடுத்தார். மூன்றாண்டுப் படிப்பு, படிக்கும்போதே உதவித்தொகை. எல்லாம் சரி. ஆனால் நுழைவு விதியை வரிவரியாகப் படித்தீர்களா? பட்டம் இருக்க வேண்டும். குறைந்தது ஆறு நாடகத் தயாரிப்புகளில் பங்கெடுத்திருக்க வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் புழங்கத் தெரிய வேண்டும். வயது 18 முதல் 30 வரை. உங்களிடம் இருப்பது மூன்று நாடகமும் ஒரு வீதி நாடகமும். ஆண்டு விழாவில் போட்ட பதினைந்து நிமிட நாடகங்களைச் சேர்த்து ஆறு என்று காட்டலாம்தான். முதல் சுற்றைத் தாண்டியவர்களைத் தில்லிக்கு அழைத்துச் சில நாள் பட்டறையில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே யார் எவ்வளவு மேடை கண்டவர் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும். உங்களுக்கு 21 வயது. வாசல் இன்னும் ஒன்பது ஆண்டுகள் திறந்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, ஆறுக்குப் பதில் பத்து நாடகங்களோடும் சண்டை போடத் தெரிந்த இந்தியோடும் போங்கள்.

அப்பாவிடம் சொல்ல ஒரு செய்தி. தில்லியில் தருவது பட்டயம்தான், ஆனால் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வுப் பதிவுக்கும் அதை எம்.ஏ.வுக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றிருக்கிறது. "பட்டயமா, பட்டமா" என்ற விவாதம் வீட்டில் என்றாவது வந்தால் பயன்படும்.

இப்போது நான்கு நிற்கின்றன: புதுச்சேரி, ஹைதராபாத், பெங்களூரு, திருச்சூர்.

திருச்சூரைப் பென்சிலால்தான் வட்டமிட்டிருக்கிறேன். காலிகட் பல்கலைக்கழகத்தின் கீழ் 1977-இல் ஜி. சங்கரப் பிள்ளை தொடங்கிய பள்ளி, அரணாட்டுக்கரையில் இருக்கிறது. தில்லியில் அல்காசியிடம் படித்துவிட்டு வந்த நம்முடைய நாடக இயக்குநர் சே. ராமானுஜம் அங்கேயும் கற்பித்தார், பிறகு தஞ்சையிலும் கற்பித்தார். மலையாளம் தமிழ்க் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும், வாய்க்குத்தான் நாளாகும். 2008 முதல் அதே ஊரில் கேரள சங்கீத நாடக அகாதமி சர்வதேச நாடக விழா நடத்துகிறது. உலகத்தின் நல்ல நாடகங்கள் பஸ் ஏறிப் போகும் தூரத்துக்கு வருகின்றன. படிப்பில் சேராவிட்டாலும் அந்த விழாவுக்கு ஒரு முறை போய்விட்டு வாருங்கள். பட்டம் முடித்தவர் சேர வேண்டியது முதுநிலைப் படிப்பில். பி.காம்.காரரை அதற்கு எடுப்பார்களா என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்த பிறகு பேனாவால் எழுதுங்கள்.

பெங்களூரு மையம் தென்மாநிலக்காரர்களுக்கென்று தேசிய நாடகப் பள்ளி நடத்துவது. ஓராண்டு, அங்கேயே தங்கிப் படிப்பது, நடிப்பு ஒன்றே பாடம். ஒரு தொகுதியில் இருபது பேர் அளவில்தான் எடுப்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் ஒரே அறையில் புழங்கும். உடம்பையும் குரலையும் ஓராண்டில் உரித்துப் போட்டுப் புதிதாக மாட்டிக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. கையில் வருவது சான்றிதழ், பட்டமல்ல. அப்பாவின் நிபந்தனைக்கு இது நேர் எதிர்.

புதுச்சேரிக்கும் ஹைதராபாத்துக்கும் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள், இரண்டுக்கும் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு மூலம் வழி. ஒரே தேர்வை எழுதி இரண்டு கதவையும் தட்டலாம். நாடக மாணவர்கள் சறுக்குவதும் இங்கேதான். வசனத்தை மூன்று மாதம் உருப்போடுவார்கள், எழுத்துத் தேர்வு என்று ஒன்று இருப்பதை முதல் நாள் இரவுதான் நினைப்பார்கள். ரசம் எத்தனை, அபிநயம் எத்தனை வகை, கிரேக்க அரங்கின் அமைப்பு என்ன, தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு என்ன வேலை, பிரெக்ட் எதை எதிர்த்தார் என்று கேட்டால் விழிப்பார்கள். பி.காம். தேர்வுக்கு உட்கார்ந்த அதே நாற்காலியில் தினம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், போதும்.

ஹைதராபாத்தில் கலை, தகவல்தொடர்புப் பள்ளிக்குள் நாடகத்துறை இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்து, பல மொழிக்காரர்களோடு வேலை செய்யலாம். இயக்கம், வடிவமைப்பு பக்கம் மனது திரும்பக்கூடியவர்களுக்கு நான் சொல்லும் இடம் அது.

என்னைக் கேட்டால் உங்களுக்கு முதலிடம் புதுச்சேரி. காலாப்பட்டில் கடலைப் பார்த்த வளாகம். அங்கே இருக்கும் நாடகப் பள்ளிக்கு, தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, மதுரையில் பாலர் சபை என்ற சிறுவர் நாடகக் குழு நடத்தி, 1922-இல் புதுச்சேரியில் கண் மூடியவர் சுவாமிகள். இந்திரா பார்த்தசாரதி இயக்குநராக இருந்தார், கே.ஏ. குணசேகரன் பல காலம் பாடம் நடத்தினார். பெயருக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே தமிழில் நாடகம் போட ஆட்கள் கிடைப்பார்கள், பார்க்கவும் வருவார்கள். இரண்டு ஆண்டில் உங்கள் ஆறு நாடகக் கணக்கு நிரம்பிவிடும். முதுகலைப் பட்டம் வரும், அதைக் கொண்டு கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம், நாடகம் அதில் ஒரு பாடம். சேர்க்கைக்கு முன்பே அந்தப் பக்கம் போகிறவர் என்றால் ஆரோவில் அருகே வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடகக் குழு இருக்கிறது. அவர்கள் நடத்தும் குறுகிய காலப் பட்டறையில் மூச்சைப் பற்றிக் கற்றுத்தருவது எந்தப் பள்ளிக்குப் போனாலும் உதவும்.

சுவாமிகளின் காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. பையன்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பப் படிவம் ஏது? பையனை ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். சாரீரம் பிடித்திருந்தால் சோறு, துணி, வாத்தியாரின் பிரம்பு. வயதுக்கு வரும்போது மகரக்கட்டில் குரல் உடைந்தால் கதை மாறிவிடும். பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கம்பெனிகளில் இடமே இல்லை. பெண் வேடத்தையும் பையன்கள்தான் போட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நான்கில் இரண்டையாவது நேரில் போய்ப் பாருங்கள். அலுவலகத்துக்குப் போகாதீர்கள், அங்கே எல்லோரும் நல்ல பதில்தான் சொல்வார்கள். காலை ஆறரைக்கு ஒத்திகைக் கூடத்தின் வாசலில் நில்லுங்கள். உள்ளே ஆள் இருக்கிறதா, தரை வியர்வையில் வழுவழுவென்றிருக்கிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். விளக்குகள் தொங்கும் குழாயை அண்ணாந்து பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரைப் பிடித்து, "அக்கா, போன வருஷம் எத்தனை இரவு மேடையேறினீர்கள்?" என்று கேளுங்கள். எத்தனை நாடகம் என்று கேட்டால் பெரிய எண் வரும், எத்தனை இரவு என்று கேட்டால்தான் உண்மை வரும். மூன்று மாதம் ஒத்திகை பார்த்து ஒரே இரவு போட்டு மூட்டை கட்டும் பள்ளிகள் உண்டு. ஒத்திகை முடிய இரவு பதினொரு மணி ஆனால் விடுதிக்கு எப்படித் திரும்புவார்கள், வார்டன் கதவைத் திறப்பாரா என்பதையும் அதே அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

நேர்முகத் தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பட்டியலைச் சுருக்குவதே அதற்கு நேரம் ஒதுக்கத்தான். என் கதையைச் சொல்கிறேன். நான் முதன்முதல் போனபோது ஒரு ராஜாவின் வசனத்தை ஆறு நிமிடம் முழங்கினேன். நரம்பு புடைத்தது, கண்ணீர்கூட வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார் ஒரு தாளை மடியில் விரித்து, "இது முறம். இதில் அரிசி இருக்கிறது. கல் பொறுக்கிக்கொண்டே அதே வசனத்தைச் சொல்லுங்கள்" என்றார். கை கல்லைத் தேடியபோது குரல் தாழ்ந்தது. குரல் தாழ்ந்ததும் வசனம் மறந்துபோனது. முழக்கத்தோடு சேர்த்துத்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன், சொல்லும் பொருளும் எனக்குள் இறங்கவே இல்லை. அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு முழுவதும் பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் சில்லறை எண்ணும்போது வசனம் சொல்லிப் பழகினேன். தேர்வில் பேசிக் காட்ட இரண்டு வசனப் பகுதிகளைத் தயார் செய்து, அப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒன்று உங்கள் வயதுக்கு ஒத்ததாகவும், ஒன்று நீங்கள் சிரிக்க வைக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். கண்ணகியையும் பாஞ்சாலியையும் இந்த ஆண்டு ஓய்வெடுக்க விடுங்கள். தேர்வாளர்கள் காலையிலிருந்து பத்துப் பேரையாவது அப்படிப் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று, அனுபவத்துக்குச் சான்று. பதினொரு நாடகத்தில் நடித்த என் நண்பன் ஒருவனிடம் ஒன்றுக்கும் தாள் இல்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் இயக்குநரிடம் நாடகத்தின் பெயர், தேதி, இடம், நீங்கள் ஏற்ற வேடம் எழுதிய கடிதம் ஒன்றை இப்போதே வாங்குங்கள். கல்லூரிப் பேராசிரியர் மாறுதலாகிப் போனபின் தேடினால் கிடைக்காது. நோட்டீஸ், புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, மதுரையிலேயே இருந்துகொண்டு உங்கள் 14 பெயர்களில் மதுரை இல்லை. பள்ளி என்று அங்கே எதுவும் இல்லைதான். ஆனால் ஸ்பெஷல் நாடக நடிகர்களின் சங்கம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்கு ராஜபார்ட் என்ற கதாநாயகனையும் ஸ்திரீபார்ட் என்ற கதாநாயகியையும் கோமாளியான பபூனையும் ஆர்மோனியக்காரரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை கிடையாது. பல நேரம் வள்ளியும் முருகனும் அன்று இரவு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். விடியும்வரை சுவாமிகளின் பாட்டிலும் தர்க்கத்திலும் ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். பங்குனி, சித்திரையில் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் வள்ளி திருமணம் இல்லாமல் போகாது. பத்து மணிக்குப் பபூன் வருவார். நீங்கள் ஒன்பதுக்கே போய், பின்பக்கம் மேக்கப் போடும் இடத்துக்கு அருகில் உட்காருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.